ஒரு ஆளுக்கு 130 ரூபாயா, 347 ரூபாயா? கரையோரக் கண்ணாடித் திட்டத்தின் கணக்கைச் சரியாகப் போட உதவுங்கள்

கரைக்கணக்கு (மண்டபம்)

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் ஆறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவள், மருத்துவம் தெரியாது. 20 நாளைக்குள் ஒரு கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும், அதற்காகத்தான் இங்கே வந்தேன்.

நாங்கள் கண் பரிசோதனையை இரண்டு விதமாக நடத்துகிறோம். ஒன்று, மாதம் ஒரு ஞாயிறு ராமநாதபுரம் டவுனில் முகாம். மருத்துவர் வருவார், நன்கொடையாக வந்த கருவி இருக்கும், கண்புரை இருந்தால் ஆபரேஷனுக்கு அனுப்புவோம், வெள்ளெழுத்து (வயசு ஏற ஏறக் கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போவது) இருந்தால் கண்ணாடிக்குச் சீட்டு எழுதித் தருவோம். மற்றது, சாயங்காலம் கரைக்கே போவது. வலை பின்னும் கொட்டகை, ஏலக்கூடம், பாசி காயப்போடும் மணல்மேடு என்று ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே பெட்டியோடு போய்ச் சோதித்து, வெள்ளெழுத்துக் கண்ணாடியை அங்கேயே கையில் கொடுத்துவிட்டு வருவோம்.

போன வருஷக் கணக்கு இது. முகாம் 12, சோதித்தது 1,812 பேர், செலவு ரூ.2,36,400. கரைப் பயணம் 46, சோதித்தது 1,164 பேர், செலவு ரூ.4,03,750.

நிதி தருகிற நிறுவனம் வகுத்துப் பார்த்தது. முகாமில் ஆளுக்கு 130 ரூபாய், கரையில் 347 ரூபாய். "கரைப் பயணத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் முகாம்களைக் கூட்டலாமே, உங்கள் கருத்து என்ன?" என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வகுத்தலில் தப்பில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

என் அம்மா வலை பின்னுகிறவர். 47 வயசில் வலை ஊசியில் நரம்பு கோக்க முடியாமல் போனது. நாலு வருஷம் அண்ணன் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பத்துப் பன்னிரண்டு ஊசி கோத்து வைத்துவிட்டுப் போவாள், அது தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. கூலி முக்கால், அரை என்று இறங்கியது. டவுனில் முகாம் நடந்துகொண்டேதான் இருந்தது, அம்மா ஒரு தடவைகூடப் போகவில்லை. கொட்டகைக்குப் பெட்டி வந்த அன்றைக்குத்தான் கண்ணாடி போட்டார். அந்த ஒரு கண்ணாடியும் 347 ரூபாய்க் கணக்கில் ஒரு தலையாகத்தான் இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய இருபது வயசுப் பையனும் அதே கணக்கில் ஒரு தலைதான்.

இதை அழாமல், கெஞ்சாமல், எண்ணாலேயே எப்படிச் சொல்வது? சுகாதாரத் திட்டங்களின் பொருளாதாரத்தை மதிப்பிட முறைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது பொருந்துமா?

பொதுநலம் (மதுரை)

பொருந்தும் சகோதரி. மதுரையில் பொதுசுகாதாரம் சொல்லித்தருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், "சோதித்த ஆட்கள்" என்பது பலனே அல்ல, நீங்கள் செய்த வேலையின் அளவு. வலை எத்தனை முறை வீசினோம் என்று எண்ணுவதற்கும் மீன் எவ்வளவு ஏறியது என்று எடைபோடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். உங்கள் திட்டத்தில் மீன் எது? மூன்று மாதம் கழித்தும் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறவர். அந்த எண்ணிக்கை இருக்கிறதா?

முறைகள் என்று பார்த்தால், செலவை எண்ணும் விதம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பலனை எதால் அளக்கிறோம் என்பதில்தான் பிரிகின்றன. பலனை அதன் இயல்பான அலகிலேயே எண்ணினால், கண்ணாடி போட்டவர், தடுத்த மரணம் என்பது போல, அது செலவு–விளைவு ஆய்வு. ஆயுளையும் அந்த ஆயுளின் தரத்தையும் சேர்த்து ஒரே அலகாக்கினால் செலவு–பயன்பாட்டு ஆய்வு. குவாலி, டாலி என்று காதில் விழுந்திருக்குமே, அவை இங்கே வருகின்றன. பலனையும் ரூபாயாக்கிவிட்டால் செலவு–ஆதாய ஆய்வு. இதெல்லாம் பெரிய நாடுகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இப்படி மதிப்பிடுவதற்காக இங்கிலாந்தில் 1999ல் நைஸ் என்ற அமைப்பு வந்தது, தாய்லாந்தில் 2007ல் ஹிடாப் என்ற அமைப்பு வந்தது, நம் நாட்டிலும் 2017 முதல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இதற்கென்றே ஓர் அமைப்பு வேலை செய்கிறது.

அடுத்து, எந்தப் பலனையும் "இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்" என்பதோடு வைத்துத்தான் எண்ண வேண்டும். நீங்கள் போகாவிட்டாலும் சிலர் ஏர்வாடி சந்தனக்கூடு விழாக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கியிருப்பார்கள். அவர்களைக் கழியுங்கள்.

மூன்றாவது, உங்கள் பேரேட்டில் இல்லாத செலவையும் எழுதுங்கள். நன்கொடையாக வந்த கருவிக்குப் பேரேட்டில் விலை 0. ஆனால் அது வேறு ஊரில் வேறு யாருக்காவது உதவியிருக்கும். ரூ.1,80,000 கருவி, 7 வருஷம் உழைக்கும் என்றால், நம் நாட்டு வழிகாட்டி சொல்லும் 3% தள்ளுபடி விகிதத்தில் (பின்னால் வரும் பணத்தின் மதிப்பை வருஷத்துக்கு இவ்வளவு குறைத்து எண்ணுவது) வருஷத்துக்குச் சுமார் ரூ.28,900. சம்பளம் வாங்காத தொண்டர்களின் நேரமும் அப்படித்தான்.

எண்களோடு வாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர் (சாயல்குடி)

மகளே, 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். ஐயா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: வருகிறவள் பையிலிருந்து போகிற பணம்.

"டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தானே, வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன?" என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்பார்கள். டிக்கெட்டுக்குக் காசு இல்லை, ஆனால் ஒரு நாள் போகிறதே. பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பாசி அழிந்துவிடக் கூடாது என்று. அந்த 12ல் ஒரு நாளைக்கு முகாம் வைத்தால், மரிக்கொழுந்துப் பாசிக்குக் கிடைக்கிற மாத வருமானத்தில் 12ல் ஒரு பங்கை விட்டுவிட்டு வா என்று கூப்பிடுவதாக அர்த்தம். மற்ற 18 நாளில் வைத்தால் அவளுக்கு அந்த நாள் அவ்வளவு கனமில்லை. முகாம் அதேதான், அவளுக்கு ஆகும் செலவு வேறு.

ஆண்களுக்கும் இதே கணக்குதான். வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று இருக்கிற ஊரில் ஞாயிறு விடுமுறை என்பது டவுன்காரன் நினைப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும், ஆள் கையில் நேரம் இருக்கும், அப்போதுதான் வலைவேலையும் குவியும். நான் தடுப்பூசி, சர்க்கரைப் பரிசோதனை எதுவானாலும் அந்தத் தடைக்காலத்தில் போய்த்தான் முடிப்பேன்.

உன் 46 பயணத்தில் எத்தனை தடைக்காலத்தில் போனது? அதையும் எழுது.

கரைக்கணக்கு (மண்டபம்)

அம்மா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. நாலு நாள் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்தேன்.

கரையில் கொடுத்த கண்ணாடி 702. மூன்று மாதம் கழித்துத் தொண்டர்கள் வீடுவீடாகப் போய் 640 பேரைப் பார்த்தார்கள், 566 பேர் போட்டிருந்தார்கள். பார்க்க முடியாத 62 பேரும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டேன். 566ல் 61 பேரிடம் முன்பே ஏதோ ஒரு கண்ணாடி இருந்தது. அவர்களைக் கழித்தால் 505. தொண்டர் இருவர், 46 சாயங்காலம், ஆளுக்கு 250 ரூபாய் என்று மதிப்புப் போட்டால் ரூ.23,000 கூடுகிறது. மொத்தச் செலவு ரூ.4,26,750. புதிதாகக் கண்ணாடி போட்ட ஒருவருக்கு 845 ரூபாய்.

முகாமில் சீட்டு எழுதியது 430 பேருக்கு. போனில் கேட்டதில் 191 பேர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், 96 பேர் போனை எடுக்கவில்லை. அந்த 96 பேரும் போட்டிருக்கிறார்கள் என்றே தாராளமாக வைத்து, முன்பே கண்ணாடி இருந்த 47 பேரைக் கழித்தால் 240. ஐயா சொன்ன கருவிச் செலவும் சேர்த்து ரூ.2,65,300. ஒருவருக்கு 1,105 ரூபாய்.

அதாவது 130க்கு 347 என்று இருந்தது 1,105க்கு 845 என்று மாறிவிட்டது! எனக்குச் சாதகமில்லாத பக்கமே சாய்த்துப் போட்டும் கரை ஜெயிக்கிறது. இதை அப்படியே அனுப்பிவிடலாமா?

தணிக்கை (பரமக்குடி)

அனுப்பாதீர்கள் தங்கச்சி. நான் கணக்குத் தணிக்கை செய்கிறவன். உங்கள் வேலை மேல் மரியாதை இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன், நிதி தருகிறவர்கள் பக்கத்தில் என்னைப் போல் ஒருத்தர் இருந்தால் இதை ஐந்து நிமிஷத்தில் உடைத்துவிடுவார்.

முகாம் கண்ணாடிக்காக மட்டும் நடந்ததா? மருத்துவர் எதற்கு வந்தார்? கண்புரை பார்க்க. முழுச் செலவையும் கண்ணாடி தலையில் ஏற்றிவிட்டீர்கள். ஒரே லாரியில் உப்பும் கருவாடும் ஏற்றிவிட்டு, வாடகை முழுவதையும் கருவாட்டுக்கே எழுதுவது போல. முகாம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் கண்புரைக்கு என்றால், கண்ணாடிக்கான செலவு 88,433 ரூபாய்தான். 240ஆல் வகுத்தால் 368. கரையின் 845ஐ விடப் பாதிக்கும் கீழே. உங்கள் முடிவு தலைகீழாகிவிடும்.

பங்கு எப்படிப் பிரிப்பது என்பதை நீங்கள் ஒரு விதமாகத் தீர்மானித்தால் ஒரு பதில், வேறு விதமாகத் தீர்மானித்தால் வேறு பதில் என்றால், அந்தப் பதிலை நம்பி ஒரு திட்டத்தை நிறுத்தவும் கூடாது, காப்பாற்றவும் கூடாது.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. முகாமுக்கு வந்த 1,812 பேரில் கரைக் கிராமங்களிலிருந்து எத்தனை பேர்?

கரைக்கணக்கு (மண்டபம்)

அண்ணன் எழுதியதைப் படித்து ஒரு ராத்திரி தூக்கமில்லை. ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் கேட்டேன், மூன்றில் இரண்டு என்பதும் ஏறக்குறைய சரிதான் என்றார்.

ஊர்வாரியாக எண்ணினேன். 1,812ல் 203 பேர். அந்த 203லும் பெரும்பாலும் மண்டபம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருப்பவர்கள். தென்கடல் பக்கம் உள்ளே இருக்கிற குடியிருப்புகளிலிருந்து 17 பேர்தான்.

பொதுநலம் (மதுரை)

பரமக்குடி நண்பர் கேட்ட கேள்வியில்தான் சாவி இருக்கிறது.

முகாமும் கரைப் பயணமும் ஒரே மக்களுக்கான இரண்டு வழிகள் என்றால்தான் ஒன்றோடொன்று வைத்து நிறுக்கலாம். அப்போது கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுப்போம். இங்கே அப்படி இல்லை. முகாமை இரட்டிப்பாக்கினாலும் இன்னும் ஒரு 203 பேர் வரலாம், அவ்வளவுதான். கரை மக்களுக்கு உங்கள் பயணத்துக்கு மாற்று முகாம் அல்ல, ஒன்றுமில்லாமை. ஆகவே நிதி தருகிறவர்கள் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி "எது மலிவு?" என்பதல்ல. "கரையில் ஒருவருக்குக் கிட்டத்தில் இருப்பது திரும்பத் தெரிய 845 ரூபாய். அது தகுமா?" என்பதுதான்.

தகுமா என்று பார்க்க இரண்டு தராசு தருகிறேன், இரண்டும் கோணலானவை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் தராசு டாலி. 1993ல் உலக வங்கி அறிக்கையோடு பரவலாக வந்த அளவு. நோயாலும் குறையாலும் இழக்கிற வாழ்நாளை எண்ணுவது. ஒவ்வொரு குறைக்கும் 0க்கும் 1க்கும் நடுவே ஒரு எடை. 2013ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வில் பார்வையே இல்லாமைக்கு 0.187, கிட்டத்தில் இருப்பது தெரியாத குறைக்கு 0.011. உங்கள் 505 பேர், கண்ணாடி 2 வருஷம் தாங்கும் என்றால் 505 × 0.011 × 2 = 11.1 டாலி. இரண்டே வருஷம் என்பதால் தள்ளுபடி பெரிதாக மாற்றாது. ஒரு டாலிக்கு ஏறக்குறைய 38,400 ரூபாய். தலைக்கு ஒரு நாட்டின் ஆண்டு உற்பத்தி எவ்வளவோ அதற்குள் வந்தால் நல்ல செலவு என்று வெகுகாலம் எல்லை வைத்திருந்தார்கள், நமக்கு அது 2 லட்சத்துக்கு மேல். அந்த எல்லையைக் கண்மூடிப் பின்பற்றாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே பின்னால் எழுதினார்கள். ஆனாலும் நீங்கள் அதற்கு எவ்வளவோ கீழே இருக்கிறீர்கள்.

கோணல் எங்கே? அந்த 0.011 யாருடைய கண்ணுக்கு? புத்தகம் வாசிப்பவருக்கும் ஊசி கோத்துப் பிழைப்பவருக்கும் ஒரே எடை.

இரண்டாவது தராசு கூலி. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது தாண்டிய 751 தொழிலாளிகளிடம் நடந்த ஆய்வு 2018ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி உடனே கொடுத்த பிரிவில், கொடுக்காத பிரிவைவிடப் பறிக்கும் அளவு சுமார் 22% கூடியது. சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துச் செய்த ஆய்வு என்பதால் நம்பலாம். ஆனால் தேயிலை வேறு, வலை வேறு. அந்த 22ஐ அப்படியே எடுத்து வலைமேல் போடாதீர்கள். உங்கள் அம்மாவின் ஒரு நாள் கூலி என்ன?

கரைக்கணக்கு (மண்டபம்)

350 ரூபாய், ஐயா. 845 என்பது இரண்டரை நாள் கூலிக்கும் குறைவு. இரண்டு வருஷத்தில் மூன்று நாள் வேலை கூடக் கிடைத்தாலே கண்ணாடி தன் விலையை எடுத்துவிடும். அம்மாவுக்கு முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டது. முன்பெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கண் தெரியாது என்று எழுந்துவிடுவார்.

ஓய்வுபெற்ற செவிலியர் (சாயல்குடி)

கூலிக் கணக்கை எழுது, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதினால் நாளைக்கு ஒருத்தர், "சம்பாதிக்கிறவர்களுக்கு மட்டும் கண்ணாடி கொடுங்கள்" என்பார். ஆணுக்குக் கூலி கூட, பெண்ணுக்குக் குறைச்சல், கிழவிக்கு ஒன்றுமே இல்லை. கூலியால் அளந்தால் கண்ணின் மதிப்பும் அதே வரிசையில் இறங்கிக்கொண்டே போகும். எனக்கு அது பொறுக்காது.

என் காலத்தில் ஒரு பாட்டி, சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் அட்டையில் எழுத்துத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டு மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லை. அவளை எந்த வரியில் எழுதுவாய்?

தணிக்கை (பரமக்குடி)

அம்மா சொல்வதற்கு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எண்ணாகப் பிசைய வேண்டாம். ஒரு பக்கம் செலவு, எதிரே பலன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அதனதன் அலகில் எழுதிவிடுங்கள். புதிதாகக் கண்ணாடி போட்டவர் இத்தனை, அதில் கூலிவேலை செய்கிறவர் இத்தனை, 60 வயது தாண்டியவர் இத்தனை, கண்புரைக்கு அனுப்பியவர் இத்தனை, மிச்சமான பயண நாள் இத்தனை. எடை போடுவது அவர்கள் பொறுப்பு. மறைக்காமல் எழுதிய கணக்கை நான் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

இன்னொன்று. எந்த எண்ணை மாற்றினால் முடிவு மாறுகிறது என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். கண்ணாடி 2 வருஷத்துக்குப் பதில் 1 வருஷம்தான் தாங்கும் என்றால் டாலிக்கு ரூ.76,800 ஆகும். அப்போதும் நிற்கிறது என்று காட்டுங்கள்.

கரைக்கணக்கு (மண்டபம்)

இன்றைக்கு அனுப்பிவிட்டேன். மூன்று பக்கம். முகாமைக் குறை சொல்லி ஒரு வரிகூட இல்லை. கண்ணாடியைப் பொறுத்தவரை முகாமே மலிவு, ஆனால் அது கரைக்கு எட்டவில்லை என்று 203ஐயும் 17ஐயும் போட்டு எழுதினேன். 505ல் கூலிவேலை செய்கிறவர்கள் 318, 60 தாண்டியவர்கள் 121. வருமானம் இல்லாதவர்களுக்குத் தனி வரி வைத்தேன். அதற்கு நேரே ரூபாய் எழுதவில்லை. மாத்திரை அட்டை படிக்கத் தெரிகிறதா என்று அடுத்த சுற்றில் கேட்டு எண்ணப் போகிறோம் என்று குறித்தேன்.

செவிலியர் அம்மா கேட்டதற்குப் பதில்: 46 பயணத்தில் தடைக்காலத்தில் போனது 6தான். அந்த 6ல் மட்டும் 291 பேரைப் பார்த்திருக்கிறோம். வருஷம் முழுக்கச் சராசரி ஒரு பயணத்துக்கு 25 பேர், தடைக்காலத்தில் 48க்கு மேல். இது இத்தனை வருஷம் என் பேரேட்டிலேயே கிடந்தும் நான் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் 18 பயணத்தை அந்த 61 நாளுக்குள் வைப்பதாகவும், பாசி நாளில் எந்த ஊருக்கும் போவதில்லை என்றும் கடிதத்தில் எழுதிவிட்டேன். அதனால் 845 எவ்வளவு இறங்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன், நடந்த பிறகு எழுதுகிறேன்.

பார்க்க முடியாமல்போன 62 பேரின் பெயர்ப்பட்டியலைத் தொண்டர்களிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். அதில் 38 பேர் ஒரே குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். அம்மாவுக்கு அங்கே எல்லோரையும் தெரியும்.